பதினொன்றாவது கேள்வி

வயிற்றில் குடியிருக்கும் ஒரே ஒரு கிருமியைப் பற்றி இருபது வருடங்களுக்கு மேல் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் யாரும் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட மாட்டார்கள். "டாக்டர்ன்றீங்க, ஊசி போடுவீங்களா?" என்பார்கள். போட மாட்டேன். "மாத்திரையாவது எழுதித் தருவீங்களா?" அதுவும் மாட்டேன். என் பெயருக்கு முன்னால் இருப்பது ஆய்வுப் பட்டம், வைத்தியப் பட்டம் அல்ல. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் டீ குடிக்கப் போயிருப்பார். நான் பிறந்து வளர்ந்த கோவில்பதாகையில் இன்றைக்கும் எனக்குப் பூச்சி டாக்டர் என்றுதான் பெயர்.

என் அக்கா ஒருத்திதான் என் வேலையை மதித்தவள். தேவைக்கு மேலேயே மதித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குச் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க தம்பி வயித்துக்குள்ள இன்னா கீதுன்னு ஊத வெச்சே சொல்லிருவான்" என்று அந்த லைனில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களுக்கும் சொல்லி வைத்திருந்தாள். அவளைப் பார்க்கப் போனால் யாராவது ஒருத்தி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஊத வைத்துக் கண்டுபிடிப்பது உண்மைதான். வெறும் வயிற்றில் வரச் சொல்லி, முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வோம். பிறகு யூரியா கலந்த தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, இன்னொரு பையில் ஊதச் சொல்வோம். கிருமி இருந்தால் அது அந்த யூரியாவை உடைக்கும். உடைந்தது மூச்சில் வெளியே வரும். இரண்டு பைகளையும் ஆய்வுக்கூடத்து மிஷினில் வைத்தால் தெரிந்துவிடும். சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே, ஒருவர் வாயிலிருந்தும் கையிலிருந்தும் இன்னொருவருக்குத் தொற்றுகிற கிருமி இது. பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண் உண்டாக்கும். வெகு சிலருக்கு, பல வருடம் சத்தம் போடாமல் இருந்துவிட்டு, புற்றுநோயில் கொண்டுபோய் விடும். இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். எங்கள் திட்டம் அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் யாருக்கு இருக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பது.

ஊதுவதற்கு முன்னால் ஒரு படிவம் உண்டு. நான் தயாரித்தது. அதில் பதினொன்றாவது கேள்வி: கடந்த இரண்டு வாரங்களில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உட்கொண்டீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்றால், அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருப்பவர்களின் வயிற்றில் கிருமி சாகாது, அடங்கிவிடும். வாத்தியார் தலை தெரிந்ததும் வகுப்பு அடங்குகிற மாதிரி. அந்த நேரத்தில் ஊதினால் சோதனை 'இல்லை' என்று சொல்லிவிடும். இருப்பது இருந்தபடியே இருக்கும்.

ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களிடம் இதைக் கேட்டுப் பதில் வாங்குவது லேசு இல்லை. அமிலத்தைக் குறைக்கும் இந்தக் கேஸ் மாத்திரை என்பது அவர்களுக்கு மாத்திரைக் கணக்கிலேயே வராது. காபிக்கு முன்னால் பல் தேய்க்கிற மாதிரி, டீக்கு முன்னால் கேஸ் மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு இல்லாமல் அட்டையோடு வாங்கி வருவார்கள். குமணன்சாவடியில் ஒரு வீட்டில், மருந்து மாத்திரை எதுவும் கிடையாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன ஓர் அம்மா, என் கண் முன்னாலேயே ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அதிலிருந்து ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்போ என்னம்மா போட்டீங்க?"

"இதுவா? இது கேஸுக்கு சார். நீங்க மாத்திரை இல்ல கேட்டீங்க?"

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அதன் பிறகு எங்கள் ஆட்களிடம் சொன்னேன்: படிவத்தில் இருக்கிற மாதிரி கேட்காதீர்கள். 'காலைல எழுந்ததும் கேஸுக்கு இன்னா போடுவீங்க?' என்று கேளுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் ஃப்ரிட்ஜ் மேலே ஒரு பார்வை பாருங்கள். எல்லா வீட்டிலும் அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். சாவி, சீப்பு, கரண்ட் அட்டை, கேஸ் மாத்திரை எல்லாம் அதில்தான். வெளியூரில் ஒரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது பெரிய பெரிய டாக்டர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் பல நாள் காதில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

என்னோடு வீடு வீடாக வந்தவர் ஓர் அம்மா. ஆவடிக்காரர், என் வயதுதான். முன்பு சத்துணவுக் கூடத்தில் சமைத்தவர். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிவிடுவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்த்து, "சார், நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?" என்பார். பெரும்பாலும் நீங்களே கேளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அக்காவுக்கு அப்போது சில மாதங்களாக வயிறு சரியில்லை. பாதி இட்லி தின்றால் வயிறு நிறைந்துவிடுகிறது என்றாள். கம்பெனிக்கு வரும் டாக்டர் தொண்டை வழியாக டியூப் விட்டுப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். அவளுக்கு அந்த டியூப்பை நினைத்தாலே குமட்டியது. "நீ வந்து ஊத வெச்சிப் பாரு நைனா. நீ சொன்னா போதும்" என்றாள். திருநின்றவூரும் எங்கள் திட்டத்துக்குள் இருந்த ஊர்தான். அவள் வீட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அந்த அம்மாவும் போனோம். அக்காவும் மாமாவும் மட்டும்தான் வீட்டில். ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாமா லேத் பட்டறையில் வேலை பார்த்து அப்போதுதான் நின்றிருந்தார். அக்கா தலை குளித்து, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊதுவதற்குப் பட்டுப் புடவை எதற்கு என்று கேட்டேன். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து நிலைப்படியில் சாய்ந்திருந்தார்கள். அவர்களுக்காகத்தான் புடவை. தான் வெறும் வயிற்றோடு இருந்துகொண்டு எங்களுக்கு வடகறி வைத்திருந்தாள்.

உட்கார்ந்ததும் அந்த அம்மா வழக்கம் போலக் கேட்டார்: "நீங்க கேக்கறீங்களா சார், நான் கேக்கட்டுமா?"

"எங்க அக்காகிட்ட என்னத்தக் கேக்கறது? எனக்குத் தெரியாதது இதுல எதுனா கீதா?" என்றேன். நிலைப்படியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் பூரித்துப் போயிற்று.

படிவத்தை நானே நிரப்பினேன். சிறு வயதில் ஒரே அறையில் எத்தனை பேர் தூங்கினீர்கள்? ஆறு பேர். அதில் ஒருவன் நான். குடிதண்ணீர் எங்கிருந்து? தெருக் கிணறு. உணவை மென்று ஊட்டும் வழக்கம் உண்டா? உண்டு. என்னைவிட அவள் ஒன்பது வயது பெரியவள். எனக்குப் பல் முளைக்கும் முன் சோற்றை மென்று என் வாயில் வைத்ததே அவள்தான். பேனா நிற்காமல் ஓடியது. பதினொன்றாவது கேள்விக்கும் அதே வேகத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். சின்ன வயதில் காய்ச்சல் மாத்திரையைக் கூட நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்துத் துப்புகிறவள், இவளாவது மாத்திரை போடுவதாவது என்று எனக்குள் தீர்மானம். மாமாவின் படிவத்திலும் அதே இடத்தில் அதே டிக். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் எதிரே ஃப்ரிட்ஜ் இருந்தது. புதுமனை புகுவிழாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ். அதன் மேலே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இரண்டு பேருக்கும் 'இல்லை' என்று வந்தது.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பல வருடத்துக்கு முன் என்னை நானே சோதித்துப் பார்த்தபோது எனக்கு இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை தின்று, வாயெல்லாம் கசந்து, அதை ஒழித்தேன். என் வாயில் சோற்றை மென்று வைத்தவளுக்கு எப்படி இல்லாமல் போகும்? வேறு யார் வீட்டிலாவது இப்படி வந்திருந்தால் அந்தப் படிவத்தைத் தூக்கி மேஜை மேல் போட்டு, திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று கத்தியிருப்பேன். என் அக்கா விஷயத்தில் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். அவளுக்கு போன் செய்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா. வயிறு சுத்தமா கீது. நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்."

"அப்போ அந்த டியூப்பு?"

"இப்போதிக்கு வேணாங்கா. அதான் நான் பாத்துட்டேனே."

இந்த இரண்டு வார்த்தைகளை, 'நான் பாத்துட்டேனே' என்பதை, நான் அதற்குப் பிறகு எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வயதில், பாதி இட்லியில் வயிறு நிறைகிறது என்று வேறு யார் சொல்லியிருந்தாலும், சோதனையில் என்ன வந்தாலும் சரி, டியூப் விட்டுப் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். முன்பின் தெரியாதவர்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். அக்கா பயப்படுகிறாளே என்று இரக்கப்பட்டேன். இரக்கம் பாதி என்றால், பாதி திமிர்.

ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். கம்பெனியில் எல்லோரும், "இன்னாக்கா, ஒடம்பு கொறச்சி சின்னப் பொண்ணாட்டம் ஆய்ட்ட" என்று கிண்டல் செய்தார்களாம். அவளும் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள், நானும் சிரித்தேன். வயிறு எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "எங்க தம்பி பாத்துட்டான், ஒண்ணும் கெடையாதுன்னுட்டான்" என்பாளாம். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பி வந்து, திருநின்றவூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே வாந்தி எடுத்தாள். கருப்பாக இருந்தது. கூட வேலை பார்க்கிற பெண்கள்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தடவை யாரும் அவளைக் கேட்கவில்லை. டியூப்பை விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் அடிப்பகுதியில் பெரிதாக இருந்தது. கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. அறுவை சிகிச்சைக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். அவருக்கு என்னைத் தெரியும், என் வேலையையும் தெரியும். கிளம்பும்போது, என்னை அது சந்தோஷப்படுத்தும் என்று நினைத்தவரைப் போல, "உங்க கிருமி நிறையவே இருக்கு சார், சதையில தெளிவாத் தெரியுது" என்றார்.

"ஒன்றரை வருஷத்துக்கு முன்னாலேயே பார்த்திருந்தா?" என்று கேட்டேன்.

"அப்போ ஆரம்பிச்சிருந்ததா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

அங்கிருந்து நேராகப் பூந்தமல்லிப் பக்கம் இருக்கிற எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். பீரோவைத் திறந்து திருநின்றவூர்ப் படிவங்களின் கட்டை எடுத்தேன். அக்காவின் படிவம் இருந்தது. என் கையெழுத்து, என் டிக். மற்ற படிவங்களில் அந்தப் பதினொன்றாவது இடத்தில் அந்த அம்மா அடித்த டிக்குக்குப் பக்கத்தில், 'தினமும் ஒன்று', 'நேற்று மட்டும்', 'டப்பா பார்த்தேன்' என்றெல்லாம் குறிப்பு எழுதியிருந்தார். என்னுடையதில் ஒரு குறிப்பும் இல்லை. வெகு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்ப அதே இடத்தில் வைத்துப் பூட்டினேன்.

ஆஸ்பத்திரியில் சில நாட்கள் மருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமா கஞ்சிக்கு நொய் வாங்கிவர வெளியே போயிருந்தார். இதைவிட்டால் நேரம் இல்லை என்று நினைத்துக் கேட்டேன்.

"அக்கா, கேஸுக்கு எதுனா போட்டுகினு இருந்தியா?"

"ஆமா. காலீல ஒண்ணு. வருஷக் கணக்கா போடறதுதான். ஒங்க மாமாவும்தான் போடறாரு. ஏன் நைனா?"

ஏன் என்று சொன்னேன். மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும், சோதனை பொய் சொல்லும், அதனால்தான் அன்றைக்கு 'இல்லை' என்று வந்தது என்று, பாடம் நடத்துகிறவன் மாதிரி ஒன்று விடாமல் சொன்னேன். முடிவை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவள் கம்பெனியில் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு கண்டுபிடிக்கிறவள். நான் எங்கே நிறுத்தினேன் என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா?

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீ கேட்ட நைனா. நான்தான் இல்லன்னுட்டேன்."

"நான் கேக்கலக்கா."

"கேட்ட. எனக்கு நல்லா ஞாபகம் கீது. அந்தப் பொண்ணுங்கல்லாம் நின்னுகினு இருந்தாளுங்க இல்ல, வெக்கமா இருந்துச்சி. மறைச்சிட்டேன்."

இரண்டாவது தடவை நான் மறுக்கவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்: அந்த நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போன மாதிரி இருந்தது. சாகக் கிடக்கிற பெண் என் தப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாள், எனக்கு மூச்சு சுலபமாக வருகிறது. என்னை நானே அருவருத்த நேரங்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. அது ஒன்று.

மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். தெருவெல்லாம் தண்ணீர். பந்தலில் நாற்காலிகள் சேற்றில் அழுந்தி நின்றன. துக்கத்துக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும், 'தம்பி இந்த வேலைலதான் கீறான், அப்புறம் எப்படி?' என்று ஒருவரிடம் ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்க மாட்டார்களா? நானாக இருந்தாலும் கேட்பேன். அப்போது மாமா எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்.

"அவன் கேட்டாம்பா. மாத்திரை போடறியான்னு வந்து உக்காந்து கேட்டான். இவதான் மறைச்சிட்டா. அவன் இன்னா பண்ணுவான்?"

"அவ அப்பிடித்தான். எத்தயும் வெளிய சொல்ல மாட்டா" என்றாள் ஒரு பெரியம்மா. பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் அந்த அம்மா மாலையோடு வந்து பந்தல் ஓரத்தில் நின்றிருந்தார். அவர் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். கேட்டேனா இல்லையா என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து மாலையைப் பிரித்தார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். துக்கம் தாங்காமல் குனிந்திருக்கிறான் என்று யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

வேலை நிற்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வீடு வீடாகப் போனோம். அந்த அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க கேக்கறீங்களா சார், நான் கேக்கட்டுமா?" என்று எப்போதும் கேட்கிற மாதிரியேதான் கேட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நான்தான் அவர் முகத்தைப் பார்க்காமல், நீங்களே கேளுங்கள் என்பேன்.

மாதங்கள் போயின. ஆவடியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "உங்க மாமாவையும் அன்னிக்கு நம்ம கேக்கல இல்ல சார்?"

'நம்ம' என்றார். நீங்கள் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

எனக்கு அது தெரியாதா? அக்கா சொன்ன அன்றைக்கே தெரியும். மாமாவும் தினமும் போடுகிறார். அவருக்கு வந்த 'இல்லை'யும் அதே பொய். அதே வீடு, முப்பது வருடத்துக்கு மேல் அதே பாத்திரம், அதே டப்பா. அவர் வயிற்றில் இருந்தால் இப்போதே கண்டுபிடித்து ஒழித்துவிடலாம். ஆனால் திரும்ப ஊதச் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று சொன்னால் அக்கா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பொய்யைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்காகத்தான் ஒத்திப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருத்தியைப் பறிகொடுத்த பிறகும் எனக்கு என் பேர்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் போனோம். மாமா கைலியும் பனியனுமாக வாசல் கதவைத் திறந்தார். வீடு கூட்டி இரண்டு நாள் ஆகியிருக்கும். ஃப்ரிட்ஜ் மேலே டப்பா இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பையிலிருந்து பழைய படிவங்கள் இரண்டையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, அன்னிக்கி நான் கேக்கல. அக்கா மறைக்கல. நானே எழுதிகினேன். அவ எனக்காகப் பொய் சொன்னா."

மாமா படிவங்களைத் தொடவில்லை.

"தெரியும்" என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நானும் பக்கத்துலதானே உக்காந்துகினு இருந்தேன்? நீ கேக்கலன்னு எனக்குத் தெரியாதா? அவதான் கைய புடிச்சிகினு சத்தியம் வாங்கினா. சாவுல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, நீ எழுந்து சொல்லிருன்னா. சொன்னேன். அவளுக்காகச் சொன்னேன் மச்சான், ஒனக்காக இல்ல."

அந்த அம்மா ஊதும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க திரும்ப ஊதிப் பாக்கணும் மாமா. ஒங்களுக்கும் இருக்கலாம். அதுக்குத்தான் வந்தேன்."

திரும்பிப் போகச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கேளு" என்றார்.

புதுப் படிவத்தை எடுத்தேன். பெயரை எழுதப் பேனாவை வைத்தேன்.

"எழுதாத. மொதல்ல கேளு."

"பேரு?" என்று கேட்டேன். சொன்னார். எழுதினேன். வயது கேட்டேன். ஊர் கேட்டேன். எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் கேட்டு, அவர் வாயால் சொன்ன பிறகுதான் எழுதினேன்.

"ஊட்டுல எத்தினி பேரு?"

"ஒருத்தன்."

தண்ணீர், கழிப்பறை, சிறு வயதில் தூங்கிய அறை என்று ஒவ்வொன்றாகப் போனது. பதினொன்றாவது கேள்விக்கு வந்தேன். அதற்குக் கேட்கிற முறை ஒன்று உண்டு. நானே கண்டுபிடித்து, நானே ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்த முறை.

"காலைல எழுந்ததும் கேஸுக்கு இன்னா போடுவீங்க மாமா?"

அவர் எழுந்துபோய் ஃப்ரிட்ஜ் மேலிருந்த டப்பாவை எடுத்து வந்து, திறந்து, என் முன்னால் வைத்தார். சாவி, ஒரு சீப்பு, பாதி தீர்ந்த அட்டை. சீப்பில் அக்காவின் முடி இரண்டு இழை சிக்கியிருந்தது.

"இதான். தெனம் ஒண்ணு. ஒங்கக்காவும் இதேதான் போட்டா. அன்னிக்கிக் கேட்டிருந்தா அன்னிக்கே எடுத்துக் காட்டியிருப்பா."

'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஆம் என்றால் அன்றைக்கு ஊத வைக்கக் கூடாது. மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ஊத வேண்டும். அதைச் சொன்னேன். மாமா சரி என்று தலையாட்டி, டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.